காற்றடைத்த கயாக்

லண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் அஸீரிய நாட்டுக் கற்பலகைகள் பல வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றிலே, ஆற்றைக் கடக்கும் போர்வீரர் சிலரின் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வீரர்கள் காற்று ஊதிய ஆட்டுத்தோல்களை மார்பின்கீழ் அணைத்துக்கொண்டு நீந்துகிறார்கள். கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அசூர்நசிர்பால் என்ற மன்னனுடைய அரண்மனைச் சுவரை அணிசெய்த பலகை அது. காற்றை ஒரு பைக்குள் அடைத்துவிட்டால் அது மனிதனைச் சுமக்கும் என்ற அறிவு அவ்வளவு பழமையானது. இன்று மாணவர் பலர் விடுமுறைப் பொழுதுபோக்குக்காக வாங்க விரும்பும் காற்றடைக்கும் கயாக், அந்த ஆட்டுத்தோலின் வழிவந்ததே.

கயாக் என்னும் பெயரையும் வடிவத்தையும் உலகுக்கு அளித்தவர்கள் வடதுருவத்தை அடுத்த குளிர்நாடுகளில் வாழும் இனுயிட் மக்கள். கடல் கரையில் ஒதுக்கிய மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, அதன்மேல் சீல் என்னும் கடற்பிராணியின் தோலை இழுத்துத் தைப்பார்கள். ஒருவர் கால்நீட்டி அமர்ந்து, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பினால் வலமும் இடமுமாக மாறி மாறி நீரைத் தள்ளிச் செல்வார். அந்த நீண்டொடுங்கிய வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சட்டம் இருந்த இடத்தில் காற்றை நிரப்பினால் கிடைப்பதே காற்றடைக்கும் கயாக். கெட்டியான பிளாஸ்டிக் கயாக்கை வைக்க வீட்டில் நீண்ட இடம் வேண்டும். ஏற்றிச்செல்லத் தக்க வண்டி வேண்டும். இதற்கு அவையிரண்டும் வேண்டா. காற்றை வெளியேற்றி மடித்தால் ஒரு பெரிய பைக்குள் அடங்கிவிடும்.

இத்தகைய படகுக்கு முதலில் தேவைப்பட்டது காற்றும் நீரும் புகாத துணி. ரப்பரைத் துணிகளுக்கிடையே வைத்து ஒட்டும் முறைக்குச் சார்லஸ் மாக்கின்டாஷ் என்பவர் 1823-இல் காப்புரிமை பெற்றார். அந்தத் துணியைக் கொண்டு 1840-களில் பீட்டர் ஹால்கெட் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி விசித்திரமான மேலங்கி ஒன்றைச் செய்தார். போர்த்திக்கொண்டால் அது அங்கி; துருத்தியால் ஊதினால் ஒருவர் அமரும் படகு. குடையை விரித்தால் அதுவே பாய்! கடற்படையார் அதனை ஏற்கவில்லை. ஆயினும், ஜான் ரே என்பவர் 1846-இல் வட அமெரிக்காவின் ஆர்க்டிக் கரையை ஆராயச் சென்றபோது ஹால்கெட்டின் படகொன்றை உடன் கொண்டுபோனார். அஃது அவருக்கு நன்கு உழைத்தது.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 30 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு காற்றுக் குழாயை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 212 லிட்டர். அதனை முழுவதும் நீருக்குள் அமுக்கினால் 212 லிட்டர் நீரை அது விலக்கும். ஆர்க்கிமிடீஸ் கண்ட விதிப்படி, அத்தனை நீரின் எடையாகிய 212 கிலோகிராமை அது தாங்கும். கயாக்கின் இரு பக்கமும் இத்தகைய குழாய்கள் உண்டு. ஒருவருக்கு 60 கிலோவாக இருவர் அமர்ந்து, படகின் எடை 15 கிலோவைச் சேர்த்தாலும் 135 கிலோதான். ஆகவே ஒரு பக்கத்துக் குழாய் காற்றை முற்றும் இழந்தபோதிலும் மற்றொன்று மூழ்காமல் தாங்கும். படகு சாய்ந்துவிடும், துடுப்பு வலிக்க இயலாது, ஆனால் பற்றிக்கொண்டு மிதக்கலாம்.

இதனாலேயே, கயாக் வாங்கப் போகும் எவருக்கும் நான் முதலில் சொல்வது, நிறத்தையும் இருக்கையையும் பாராதீர்கள், காற்றறைகளை எண்ணுங்கள் என்பதுதான். பக்கத்துக்கு ஒன்று, அடித்தளத்துக்கு ஒன்று என்று குறைந்தது மூன்று அறைகள் இருத்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வேண்டும். காற்று உள்ளே போகவிட்டு வெளியே வரவிடாத ஒருவழி வால்வாக இருப்பது சிறப்பு. பம்பின் குழலை எடுத்தவுடன் புஸ்ஸென்று காற்று வெளியேறுவதைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு மூடியைத் தேடும் தொல்லை அதில் இல்லை. பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள எடை வரம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாதிருப்பது என் வழக்கம்.

மிதப்பதற்கு அழுத்தம் தேவையில்லை. விறைப்பாக நிற்பதற்கே அழுத்தம் வேண்டும். காற்றுக் குறைந்த கயாக் நடுவில் தொய்ந்து வாழைப்பழம்போல் வளைந்துகொள்ளும். நாம் வலிக்கும் வலிவெல்லாம் அந்த வளைவிலேயே வீணாகும். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை நிர்ணயிப்பது படகின் துணி. துணியின் துணையே இல்லாத வெறும் வைனில் தகட்டாலான மலிவான படகுகள் சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு அளவில்தான் காற்றுக் கொள்ளும். நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியின்மேல் பி.வி.சி. பூசிய வகை 2, 3 பவுண்டு வரை தாங்கும். மூன்றாவது வகையில் மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஆயிரக்கணக்கான நூலிழைகளால் உள்ளேயே இணைத்துத் தைத்திருப்பார்கள். 8, 10 பவுண்டு அழுத்தத்தில் அது பலகைபோல் தட்டையாகவும் கெட்டியாகவும் நிற்கும். இந்தத் தையல்முறையைக் கொண்டு அமெரிக்காவின் குட்இயர் கம்பெனியார் 1956-இல் காற்றடைத்த ஆகாயவிமானம் ஒன்றையே செய்து பறக்கவிட்டார்கள் என்றால் அதன் உறுதியை உணரலாம். ஆனால் விலையும் அதற்கேற்ப உயரும். அமைதியான நீரில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் உலாவ விரும்பும் மாணவருக்கு இரண்டாவது வகையே போதும். முதல் வகையை முள்ளும் கல்லும் இல்லாத நீச்சல்குளத்துக்கு ஒதுக்கிவிடலாம்.

அகலமான கயாக் எளிதில் கவிழாது. ஆனால் மெதுவாகச் செல்லும். நீளமானது நேராக ஓடும், திரும்பச் சோம்பும். காற்றடைத்த கயாக்குகளில் பெரும்பாலானவை அகலமும் தட்டையான அடியும் உடையவை. ஆதலால் ஒவ்வொரு வலிப்புக்கும் மூக்கு இப்புறமும் அப்புறமும் ஆடும். இதைத் தடுக்கப் பின்பக்கத்தின் அடியில் மீனின் செட்டையைப் போன்ற ஒரு சிறு தகட்டைச் செருகுவார்கள். அதனை வீட்டில் மறந்துவிட்டு ஏரிக்குப் போனால் அன்று முழுவதும் வட்டமிட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். துடுப்பு 220 முதல் 230 சென்டிமீட்டர் நீளம் இருந்தால், அகன்ற பக்கங்களைத் தாண்டி நீரை எட்டும். வலிக்கும்போது கைகளால் மட்டும் இழுக்காமல், பாதத்தை ஊன்றி இடுப்புக்கு மேலுள்ள உடலைத் திருப்பி வலிக்க வேண்டும். அப்போதுதான் தோள் விரைவில் ஓயாது.

பள்ளியில் படித்த வாயு விதி ஒன்று இங்கே உதவும். மூடிய கலத்திலுள்ள வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். காலை 25 டிகிரி வெப்பத்தில் 1 பவுண்டு அளவுக்குக் காற்றடைத்து, படகைக் கரையில் வெயிலில் விட்டுவிடுகிறோம். உள்ளிருக்கும் காற்று 55 டிகிரிக்குச் சூடானால், பக்கங்கள் விரியாத கலமாயின் அந்த 1 பவுண்டு 2.6 பவுண்டு ஆகிவிடும். துணி சற்று விரிந்து கொடுக்குமாதலால் முழு அளவும் ஏறாது. எனினும் தையல்வாய் பிரிவதற்கு இது போதும். இதற்கு நேர்மாறானதும் நிகழும். 45 டிகிரி வெயிலில் 1 பவுண்டு அடைத்து, 28 டிகிரி நீரில் இறக்கினால், காற்று குளிர்ந்து அழுத்தம் ஏறக்குறைய மறைந்தே போகும். படகு ஓட்டையென்று எண்ணி வருந்துவார்கள், படகில் குறையொன்றுமில்லை. நீரில் இறக்கிச் சிறிது நேரம் கழித்து மறுபடியும் பம்பு செய்தால் சரியாகிவிடும். கரைக்கு ஏற்றியவுடன் நிழலில் வைத்துச் சிறிது காற்றைத் திறந்துவிட வேண்டும்.

உள்ளிருக்கும் காற்றைப் பற்றி இதுவரை சொன்னேன். ஆனால் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது வெளியே வீசும் காற்று.

காற்றடைத்த கயாக் நீருக்குள் சில அங்குலமே அமிழ்ந்திருக்கும். நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும் பக்கங்களோ பாய்போல் காற்றை ஏற்கும். எடையும் குறைவு. காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். சாதாரணமாகப் பழகியவர் இத்தகைய கயாக்கில் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்ல முடியும். தெருவில் புழுதியும் காகிதத் துண்டுகளும் எழும்புமானால் காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்று அறியலாம். அன்று படகைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டா.

ஒரு பெரிய ஏரியில், மாணவர் இருவர் காற்றோடு சேர்ந்து வெகு இன்பமாகச் செல்வதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் எதிர்க்கரையை அடைந்துவிட்டார்கள். திரும்ப முயன்றபோது ஒரு முழம் முன்னேறினால் இரண்டு முழம் பின்வாங்கியது படகு. முடிவில் காற்றைத் திறந்து மடித்துத் தலையில் சுமந்துகொண்டு, கரையோடு நடந்தே வந்து சேர்ந்தார்கள். ஏரியாதலால் எதிர்க்கரை இருந்தது. கடலில் எதிர்க்கரை ஏது? போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அதுவே உங்களைக் கரைசேர்க்கும்.

நம் கிழக்குக் கடற்கரையைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை, தென்மேற்குப் பருவத்தில், சென்னைப் பக்கத்தில் காலை வேளைகளில் மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. பழந்தமிழர் கோடை என்று பெயரிட்ட காற்று இது. நிலத்திலிருந்து கடலை நோக்கிச் செல்லுமாதலால் கரையோரத்து அலைகளை அது அமுக்கிவிடும். கரையில் நிற்பவருக்குக் கடல் கண்ணாடிபோல் தோன்றும். கயாக் விடுவதற்கு இதைவிட நல்ல நாள் உண்டோ என்று எண்ணத் தோன்றும். உண்மையில் மிகவும் அஞ்சத்தக்க நாள் அதுவே. கரையிலிருந்து விலக விலக, மரங்களின் மறைவு நீங்கிக் காற்று வலுக்கும்; அலையும் பெருகும்; படகு வங்கக் கடலின் நடுப்பகுதியை நோக்கி ஓடும். நண்பகல் அளவில் கடற்காற்று கிளம்பித் திருப்பி அனுப்பும் என்று நம்பி இருக்கலாகாது. இங்கிலாந்தின் கடலோர மீட்புப் பணியினர், நிலத்திலிருந்து காற்று வீசும் நாளில் காற்றடைத்த மிதவைகளோடு கடலில் இறங்காதீர்கள் என்று கோடைதோறும் எச்சரிப்பதும் இக்காரணம் பற்றியே. காற்றடைத்த கயாக்கைத் திறந்த கடலுக்குக் கொண்டுசெல்லவே வேண்டாமென்பது என் கருத்து.

எங்கே செல்லலாம்? காற்று மறைவான, ஆழம் குறைந்த, ஓட்டம் மெலிந்த நீரே தக்கது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் பிச்சாவரத்தின் சதுப்புநிலக் காட்டுக் கால்வாய்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இருபுறமும் மரங்கள் காற்றைத் தடுக்கின்றன. ஆனால் அங்கே வேர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பிகள் துணியைக் கிழித்துவிடும். நடுவாகச் செல்ல வேண்டும். ஊர் ஏரிகளிலோ சீமைக் கருவேல முள் கரையெங்கும் சிதறிக் கிடக்கும். ஒரு பழைய ஜமுக்காளத்தை விரித்து அதன்மேல் படகை ஊதி, தூக்கிச் சென்று நீரில் வைப்பது நல்லது, இழுத்துச் செல்லக்கூடாது. நீர்வளத் துறையின் நீர்த்தேக்கங்களிலும் வனத் துறையின் காவலிலுள்ள நீர்நிலைகளிலும் அனுமதியின்றி இறங்குதல் கூடாது. அமராவதி நீர்த்தேக்கத்தில் முதலைகள் ஏராளம், கொள்ளிடத்திலும் உண்டு. முதலைக்கும் காற்றடைத்த துணிக்கும் நடுவே ஆர்க்கிமிடீஸ் வந்து உதவ மாட்டார்.

நீந்தத் தெரிந்தவருக்கும் உயிர்காப்புச் சட்டை அவசியம். அதைப் படகில் வைத்திருப்பது போதாது. அணிந்து, வார்களை இறுக்கியிருக்க வேண்டும். கவிழ்ந்தால் முதலில் படகைப் பற்றுங்கள். படகு மனிதத் தலையைவிடத் தொலைவிலிருந்தும் கண்ணுக்குத் தெரியும். காற்று கடலுக்குள் இழுத்துச் சென்றாலும் படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்த முயலாதீர்கள். கரை எப்போதும் இருப்பதைவிட அருகில் தோன்றும். இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, நிமிர்த்தி, கால்களை உதைத்துக்கொண்டு ஏறிப் பழகுங்கள். முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும். கைப்பேசியை நீர்புகாத உறையிலிட்டு உடலோடு கட்டிக்கொள்ளுங்கள். கடலில் துன்பம் நேர்ந்தால் இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.

பொத்தல் விழுந்தால், மிதிவண்டிக் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருமிடத்தைக் காண்பதுபோல், சோப்பு நீரைத் தடவி இடத்தைக் கண்டுகொள்ளலாம். ஆனால் அவரிடமுள்ள ரப்பர் சொல்யூஷன் பி.வி.சி.யில் நன்றாகப் பிடிக்காது. அதற்கென விற்கும் பசையையும் ஒட்டுத்துண்டையும் கேட்டு வாங்க வேண்டும். இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, காற்றை முற்றும் வெளியேற்றிய பின் ஒட்டி, ஒருநாள் முழுவதும் மேலே கனமான புத்தகங்களை ஏற்றி வைத்தால் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். உப்புநீரில் சென்று வந்தால் நல்ல நீரால் கழுவி, மடிப்புகளுக்குள் ஈரம் தங்காதபடி நிழலில் உலர்த்த வேண்டும். இல்லாவிடில் பூஞ்சணம் பிடிக்கும். மடிக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே மடிப்பில் மடிக்காமல் தளர்வாகச் சுருட்டுங்கள். சுருட்டியதை எலி எட்டாத உயரத்தில் வையுங்கள்.