ஓடும் காரில் பேட்டரி லைட் எரிகிறதா? தப்பு பேட்டரி மேல் இல்லாமலும் இருக்கலாம்!

சனிக்கிழமை இரவு எட்டரை மணி. சென்னையிலிருந்து சொந்த ஊருக்குக் கிளம்பிய கார், திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். திடீரென ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்னப் பெட்டி எரிகிறது. அதற்குள்ளே ஒரு கூட்டல் குறி, ஒரு கழித்தல் குறி.

"என்னங்க அது, சிவப்பா எரியுது?"

"பேட்டரி லைட்டும்மா. வண்டி நல்லாத்தானே ஓடுது, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்."

பெரும்பாலான வீடுகளில் உரையாடல் இப்படித்தான் முடியும். வண்டி ஓடுவதில் ஒரு மாற்றமும் தெரியாது. ஏ.சி குளிரும், பாட்டு பாடும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து காருக்கு ஒரு கெடு ஆரம்பித்துவிட்டது.

பெயர்தான் பேட்டரி லைட். உண்மையில் அது சொல்வது, 'பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை' என்பதைத்தான். இன்ஜின் ஓடும்போது காருக்குத் தேவையான மின்சாரத்தைத் தருவது பேட்டரி அல்ல, ஆல்டர்னேட்டர். இன்ஜினோடு ஒரு ரப்பர் பெல்ட்டால் இணைக்கப்பட்டுச் சுழலும் சின்ன ஜெனரேட்டர் அது. ஹெட்லைட் முதல் பெட்ரோல் பம்ப் வரை எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே பேட்டரியையும் நிரப்பும். அது நின்றுபோனால் மொத்தச் சுமையும் பேட்டரி தலையில் விழும். மாதச் சம்பளம் நின்ற வீடு சேமிப்பை எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி.

சேமிப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? சிறிய பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி சகஜம். இரண்டு ஹாலஜன் ஹெட்லைட்டுகள் மட்டுமே சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். புளோயர், ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தால் 30 ஆம்பியரைக்கூடத் தொடலாம். கணக்குப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது; பேட்டரி முழுசாகக் காலியாவதற்கு முன்பே, வோல்டேஜ் இறங்கியதும் கம்ப்யூட்டர்கள் தடுமாற ஆரம்பித்துவிடும். மூன்று, நான்கு வருடப் பழைய பேட்டரி என்றால் இன்னும் சீக்கிரம்.

அறிகுறிகளும் வரிசையாக வரும். ஹெட்லைட் மங்கும். ஏ.பி.எஸ், ஏர்பேக் என்று வேறு லைட்டுகளும் எரியத் தொடங்கும். எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் திடீரென இறுகும். கடைசியில் இன்ஜின் நிற்கும். அதன்பிறகு பிரேக்கும் ஓரிரு முறை அழுத்தியதும் கல்லாக இறுகிவிடும். லாரிகள் சீறிப் பாயும் நெடுஞ்சாலையின் நடு லேனில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

லைட் எரிந்ததும் என்ன செய்யலாம்?

முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் டெம்பரேச்சர். சில கார்களில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றும். பெல்ட் அறுந்திருந்தால் இன்ஜின் சில நிமிடங்களில் கொதித்துவிடும். டெம்பரேச்சர் முள் ஏறினாலோ, சிவப்பு எச்சரிக்கை வந்தாலோ யோசிக்காமல் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். பேட்டரி போனால் மாற்றிக்கொள்ளலாம், இன்ஜின் போனால் செலவு வேறு கணக்கு.

முள் சரியாக இருந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஏ.சி, புளோயர், மியூசிக் சிஸ்டம், போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரவில் ஹெட்லைட்டை மட்டும் அணைக்கக் கூடாது. மிச்சம் பிடிப்பதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. வழியில் டீ குடிக்க நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்வதும் வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே இழுப்பில் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஊர் வரை போய்விடலாம் என்ற கணக்கை விட்டுவிட்டு, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள அடுத்த பெட்ரோல் பங்க்கிலோ, சுங்கச்சாவடியிலோ நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். நடுவழியிலேயே நின்றுவிட்டால் ஹசார்டு லைட்டைப் போட்டு, எல்லோரையும் இடது பக்கமாக இறக்கி, சாலைத் தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது ஆபத்து. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

பேட்டரி மாற்றினால் சரியாகிவிடுமா?

இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. 'பேட்டரி லைட் எரியுது' என்று கடைக்குப் போனால், புது பேட்டரியை மாட்டி அனுப்பும் கடைகளும் உண்டு. ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை என்றால், அந்தப் புது பேட்டரியும் அன்றைக்கோ மறுநாளோ இறங்கிவிடும். வேறு வண்டியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்தாலும் இதே கதைதான்.

சோதிப்பது ரொம்ப எளிது. ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி ஆஃபில் இருக்கும்போது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்ததும் பொதுவாக 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12-லேயே நின்றாலோ, மேலும் இறங்கினாலோ சார்ஜிங்கில்தான் கோளாறு. அதிலும் உடனே முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சம்மதிக்க வேண்டாம். தளர்ந்த பெல்ட், தேய்ந்த கார்பன் பிரஷ், பூத்துப்போன டெர்மினல், ரெகுலேட்டர் என்று சின்னக் காரணங்களும் இருக்கின்றன. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த வயரும் இந்தப் பட்டியலில் உண்டு! மழைத் தண்ணீரில் ஓட்டிய பிறகு லைட் எரிந்தால், அதை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள். பல கார்களில் ஆல்டர்னேட்டர் தாழ்வான இடத்தில் இருப்பதால் தண்ணீர் எளிதில் புகும்.

இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'வண்டி நிற்கிறதா பார்ப்போம்' என்று சோதிக்கும் பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அப்போது வோல்டேஜ் தாறுமாறாக எகிறி, இப்போதைய கார்களின் இ.சி.யு பழுதாகலாம். யாராவது ஸ்பேனரோடு வந்தால் தடுத்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். சாவியை ஆன் செய்ததும் பேட்டரி லைட் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் அது எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாமல், ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள்.