ஆற்றில் விழுந்த மோதிரம்

காவிரியில் மேட்டூரிலிருந்து மோகனூர் வரை, ஆடிப் பதினெட்டு முடிந்ததும் படித்துறைகளில் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வீசும் பையன்களைப் பார்க்கலாம். ஒட்டிக்கொண்டு வருவது காசு. ஒரு ரூபாய்க் காசை 1992 முதல் காந்தம் இழுக்கும் எஃகில் அடிக்கிறார்கள். ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் முங்கி எழுந்த ஒருவரின் விரலிலிருந்து நழுவிய மோதிரத்தைக் காந்தம் சீண்டாது. கிணற்று வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டிக்கும் அது சிக்காது. மெட்டல் டிடெக்டரைத் தேடி ஆட்கள் கிளம்புவது அப்போதுதான்.

வாங்கப் போகிறவர் எல்லாரும் எவ்வளவு ஆழம் தாங்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காரெட் ஏஸ் போன்ற எளிய கருவிகளில் அடியிலிருக்கும் வட்டச் சுருள் மட்டும் நனையலாம். மேலிருக்கும் பெட்டியில் தண்ணீர் புகுந்தால் பணம் போச்சு. காரெட் ஏடி புரோ, மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 போன்றவை முழுதாக மூழ்கி 3 மீட்டர் வரை தாங்கும். முக்குளிப்பவர்களுக்கான காரெட் சீ ஹண்டர் 60 மீட்டர் போகும். இடுப்பளவுத் தண்ணீருக்கு 3 மீட்டரே தாராளம். நம் பக்கத்தில் கருவியை முடிவு செய்ய வேண்டியது அடியில் கிடக்கும் மண்ணைப் பார்த்துத்தான்.

கடல் உப்பு கருவியைக் குழப்பும். காவிரித் தண்ணீர் குழப்பாது. இங்கே தொல்லை தருவது கறுப்பு மணல். சேலத்தை ஒட்டிய கஞ்சமலையில் மேக்னடைட் என்னும் இரும்புக்கல் மண்டிக் கிடக்கிறது. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தபோது நம்பியது சேலத்துக் கல்லைத்தான். இப்படிப்பட்ட மலைகளை அரித்து வரும் கறுப்பு மணலில் ஒற்றை அலைவரிசைக் கருவி காரணமில்லாமல் கத்தும், அல்லது ஆழத்தில் கிடப்பதைத் தவறவிடும்.

இதற்கு மருந்து பல்ஸ் இண்டக்‌ஷன் என்பார்கள். அந்த வகைக் கருவி மின்துடிப்பை அனுப்பி, நிறுத்தி, உலோகத்தில் எஞ்சும் மின்னோட்டம் தேய்வதைக் கேட்கிறது. கறுப்பு மணல் அதன் காதில் அவ்வளவாக விழாது. ஆனால் இரும்பையும் தங்கத்தையும் அதனால் சரியாகப் பிரிக்க முடியாது. நம் படித்துறையில் ஊக்கு, ஹேர்பின், சோடா மூடி, காணிக்கைக் காசு என்று அடிக்கு ஒன்று கிடக்கும். அத்தனையையும் தோண்டி முடிப்பதற்குள் அடுத்த ஆடியே வந்துவிடும். ஆளரவமற்ற மணல்திட்டுக்கு வேண்டுமானால் அது சரி. படித்துறைக்குப் பல அலைவரிசையில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் கருவியும், குப்பைக்கு நடுவே தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும் சின்னச் சுருளும் போதும் என்பது என் எண்ணம்.

நகையைப் பொறுத்தும் விஷயம் மாறும். கல் மோதிரமோ கெட்டிக் காசோ கணீரென்று பதில் சொல்லும். மெல்லிய சங்கிலிதான் ஏமாற்றும்: கருவிக்கு அது முழு நகையாகத் தெரியாது, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிப் பொடியாகவே தெரியும். மூக்குத்தி, திருகாணி இன்னும் மோசம். இவற்றுக்கு உயர் அலைவரிசை வேண்டும். ஈக்வினாக்ஸ் 600 தனி அலைவரிசையில் 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான் போகும், 800-ல் 40 வரை உண்டு. பொருளுக்கேற்பக் கருவியின் திரையில் ஓர் எண் வரும். தங்கத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் எண்கள் பெரும்பாலும் அவர்களுடைய 14 காரட் நகையை வைத்துச் சொல்வது. நம் 22 காரட்டில் மின்சாரம் இன்னும் எளிதாக ஓடும், திரையில் எண் ஏறும். அவர்கள் எண்ணை நம்பி மேலே வருவதையெல்லாம் ஒதுக்கினால், தேடும் மோதிரமே ஒதுங்கிவிடும். வீட்டு மோதிரம் ஒன்றை நூலில் கட்டிச் சுருளுக்கு முன்னால் ஆட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு ஆற்றில் இறங்குவது நல்லது.

மேட்டூர் அணையில் பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மூடிய பிறகு ஆறு வடியும், தேட வசதி. அதற்குள் மோதிரம் எங்கோ போயிருக்கும் என்று பயப்பட வேண்டாம். மணலைப்போல ஆறு மடங்குக்கு மேல் அடர்த்தியான பொருள் அது. ஓடுவதைவிட இறங்குவதே அதிகம். படிக்கல் இடுக்கும் பாறைப் பொந்தும்தான் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

தேடப் போய் வேறு ஏதாவது கிடைப்பதும் உண்டு. பக்கத்துக் கரூரில் அமராவதிப் படுகையிலிருந்து மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசுகள் வந்திருக்கின்றன. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். நேற்று விழுந்த மோதிரத்துக்கோ உரியவர் இருக்கிறார். கருவி வாங்கிய காசை ஆற்றிலேயே எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் கழித்துக்கொண்டு கணக்குப் போடட்டும்.