விடுமுறையிலும் பூட்டாத தலைமையாசிரியர் அறை

தேர்வு முடிந்தால் ஏப்ரலோடு பள்ளிக்கூடத்தில் யாருக்கும் வேலை இல்லை என்றுதான் ஊரில் பலர் நினைக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஓர் ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் நாமும் குறிப்பிடவில்லை.

மே மாதம் நாம் போனபோது, பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அவர் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒரு மாணவியின் சாதிச் சான்றிதழில் அப்பா பெயரில் ஒரு நெடில் குறிலாகிக் கிடந்தது. ஆதாரில் சரியாக இருக்கிறது. இந்த ஒரு எழுத்துக்காகப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விண்ணப்பம் நின்றுவிடும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்தத் தொகைதான் கல்லூரி வாசல். அப்பா கரும்பு வெட்டப் போயிருக்கிறார். தாலுகா ஆபீசுக்கு யார் அலைவது? அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு மறுநாள் இவரே போனார்.

இருளர் பிள்ளைகள் பாடு இன்னும் கஷ்டம். பட்டியல் சாதிச் சான்றிதழ் தாசில்தார் மட்டத்தில் முடிந்துவிடும். பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் தர வேண்டும். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் குடும்பம், விசாரணைக்கு வருபவர் கண்ணில் எப்படிப் படும்?

அரசு கலைக் கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க மற்றவர்களுக்கு 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 2 ரூபாய். ஆனால் அதைப் பதிந்து கொடுக்கப் பிரவுசிங் சென்டரில் கேட்பது இதைப்போலப் பல மடங்கு. இதைப் பார்த்துத்தான் தலைமையாசிரியை இந்தக் கோடையில் கம்ப்யூட்டர் கற்க உட்கார்ந்தார். சொல்லிக்கொடுத்தவர் கல்லூரியில் படிக்கும் அவர் மகள். சான்றிதழை ஸ்கேன் செய்வது, ஃபைல் அளவைக் குறைப்பது, எல்லாம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு. "நான் ரெண்டு தடவை கேட்டா திட்டுவா. வகுப்புல நான் திட்டுறது எனக்கே திரும்பி வருது" என்கிறார். குடும்பத்தோடு ஊட்டி போவது மூன்று வருடமாகத் தள்ளிப்போகிறது. செஞ்சிப் பக்கம் அம்மா வீட்டில் ஐந்து நாள் இருந்ததுதான் இந்த வருட விடுமுறை. அங்கேயும் போன் அடித்தது. களையெடுத்துக் கூலி வாங்கி இவரைப் படிக்கவைத்தவர் அந்த அம்மா. "கெளம்பு, புள்ளைங்க காத்துக்கினு இருக்கும்" என்று அவரே அனுப்பிவைத்திருக்கிறார்.

பையில் ஒரு கட்டு நோட்டு இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு அவர் கொடுத்த விடுமுறை வேலை: உங்கள் வீட்டில் முதன்முதலில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டு எழுதி வாருங்கள். முன்கூட்டியே எழுதி முடித்தவர்களின் நோட்டுகளை நாமும் வாங்கிப் படித்தோம். பலருக்கு அப்பா, சிலருக்கு அக்கா. "நான்தான்" என்று ஒரே சொல்லில் முடித்திருந்தாள் ஒரு சிறுமி. ஒரு பையனின் ஆயா அறிவொளி இயக்க வகுப்பில், அரிக்கேன் விளக்கில் பெயர் எழுதப் பழகியவராம். 'இப்பவும் ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், ரேஷன் கடையில் ரேகைதான் வைக்கச் சொல்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறான். இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று தலைமையாசிரியை நம்மைக் கேட்டார்.

1916-ல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அப்போது தொடங்கிய வேலைதான் இதுவும். இன்று மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. இவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பெயரில் உள்ள சாதி அடையாளத்தை எடுத்து 'அரசுப் பள்ளி' ஆக்கலாம் என்று 2024-ல் நீதிபதி சந்துரு குழு சொன்னது. பெயர் மாறட்டும், நமக்கும் சம்மதமே. ஆனால் கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிக்குப் பெயர்ப்பலகை பாடம் நடத்தாது. முதலில் காலியிடத்தை நிரப்புங்கள் என்கிறோம்.

இந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நான்கு பையன்கள் கணக்கில் தவறினார்கள். ரிசல்ட் வந்த வாரமே இரண்டு பேர் பெங்களூருக்குக் கம்பி கட்டப் போய்விட்டார்கள். துணைத்தேர்வு ஜூலையில். நான்கு பேருக்கும் விண்ணப்பம் பதிந்தாகிவிட்டது. ஊரில் இருக்கும் இரண்டு பேருக்குக் காலை பத்து மணிக்கு அதே அறையில் வகுப்பு. போனவர்களில் ஒருவன் மே கடைசியில் திரும்பி வந்து மூன்றாவதாக உட்கார்ந்தான். இன்னொருவன், "வாரக்கூலி வந்துடுது டீச்சர், வூட்ல கடன் இருக்குது" என்கிறான். அவன் வீட்டுக் கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது என்று கேட்டுவர ஞாயிற்றுக்கிழமை போகப்போவதாகச் சொன்னார். நம்மையும் வரச் சொல்லியிருக்கிறார்.