ஒரே ஒரு கடிதம் போதும்! ஆப் உருவாக்குபவர்களை மிரட்டும் 'பேட்டன்ட் ட்ரோல்'கள்

உங்கள் போனில் இரண்டு சிம் போடலாம்தானே? 2009-ம் ஆண்டில் இதே வசதியுள்ள போன்கள் விமான நிலையச் சுங்கத்திலேயே தடுத்து நிறுத்தப்பட்டன. காரணம், மதுரையைச் சேர்ந்த ஒருவர் கையில் இருந்த ஒரு காப்புரிமை.

சோமசுந்தரம் ராம்குமார் என்பவர் 2002-ல், ஒன்றுக்கும் மேற்பட்ட சிம் கார்டுகளைப் பயன்படுத்தும் செல்போனுக்காகக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 2008-ல் 214388 என்ற எண்ணில் அது வழங்கப்பட்டது. அதற்குச் சற்று முன்புதான், 2007-ல், அறிவுசார் சொத்துரிமையை மீறும் இறக்குமதிப் பொருள்களைச் சுங்கத்துறையே நிறுத்திவைக்கலாம் என்று மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்திருந்தது. ராம்குமார் தன் காப்புரிமையைச் சுங்கத்துறையில் பதிவு செய்தார். இரட்டை சிம் போன் இறக்குமதி செய்தவர்களுக்கு அங்கிருந்து சிக்கல் ஆரம்பித்தது.

பேச ஒரு சிம், ஆஃபருக்கு ஒரு சிம் என்று மக்கள் இரண்டு போன்களைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் அது. அதனால், இரட்டை சிம் போனுக்கு அப்படியொரு கிராக்கி. சாம்சங், மைக்ரோமேக்ஸ், ஸ்பைஸ் போன்ற நிறுவனங்களுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், பணம் இருந்தது. சுங்கத்துறை, உயர் நீதிமன்றம், அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் என்று எல்லாப் படிகளும் ஏறினார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த வாரியம், இதில் கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை என்று 2012-ல் காப்புரிமையையே ரத்து செய்தது.

அதாவது, நிற்காத ஒரு காப்புரிமையை நிற்காது என்று சொல்லவைக்க, சுமார் மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. சாம்சங்குக்கே இந்த நிலை என்றால், சிறிய ஆள் என்ன செய்வார்?

யார் இந்த ட்ரோல்?

ட்ரோல் என்றதும் நமக்கு மீம்ஸ்தான் நினைவுக்கு வரும். இது வேறு. காப்புரிமையை வைத்து எந்தப் பொருளும் செய்யாமல், அதைக் காட்டிப் பணம் வசூலிப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களைத்தான் 'பேட்டன்ட் ட்ரோல்' என்கிறார்கள். இந்தச் சொல்லை 2001 வாக்கில் பிரபலமாக்கியவர், அப்போது இன்டெல் நிறுவனத்தின் வழக்கறிஞராக இருந்த பீட்டர் டெட்கின். அவரே பிறகு, காப்புரிமைகளை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்த 'இன்டலெக்சுவல் வென்ச்சர்ஸ்' நிறுவனத்தின் இணை நிறுவனர்களில் ஒருவரானார் என்பது தனிக்கதை!

ராம்குமாரை இந்தப் பட்டியலில் சேர்ப்பது நியாயமில்லை. அவர் யாரிடமும் விலைக்கு வாங்கவில்லை, தானே விண்ணப்பித்து வாங்கிய காப்புரிமை அது. ஆனால், ஒரு சான்றிதழ் கையில் இருந்தால் எவ்வளவு பெரிய வியாபாரத்தையும் முடக்கிப்பார்க்கலாம் என்பதை நம் ஊருக்குக் காட்டியது அந்த வழக்குதான். மென்பொருள் துறையில் இந்த விளையாட்டு இன்னும் மோசமானது. ஏனென்றால், அங்கே சிக்குபவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள்.

100 டாலருக்கு 57.5 சென்ட்!

2011 மே மாதம், ஐபோனுக்கு ஆப் செய்து விற்றுவந்த சின்னச் சின்ன டெவலப்பர்களுக்கு 'லோட்சிஸ்' என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து கடிதங்கள் வந்தன. ஆப்புக்குள்ளேயே 'அப்கிரேட்' வாங்கும் பட்டன் இருக்கிறதல்லவா, அது எங்கள் காப்புரிமைக்குள் வருகிறது. உங்கள் அமெரிக்க வருமானத்தில் 0.575 சதவிகிதம் கொடுங்கள் என்பதுதான் விஷயம். அந்தக் காப்புரிமைகள், மேலே சொன்ன இன்டலெக்சுவல் வென்ச்சர்ஸ் கைமாறி வந்தவை.

100 டாலருக்கு 57.5 சென்ட். கேட்டால், 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். சூட்சுமமே அங்கேதான். வருடத்துக்கு 10,000 டாலர் சம்பாதிப்பவர் கொடுக்கவேண்டியது 57.5 டாலர். கொடுக்காமல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காடினால், லட்சக்கணக்கான டாலர் செலவாகும். தப்பு செய்யவில்லை என்று தெரிந்தவரும் என்ன முடிவெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆப்பிள் நிறுவனம், 'அந்தக் காப்புரிமைக்கான உரிமத்தை நாங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டோம், அது எங்கள் டெவலப்பர்களுக்கும் பொருந்தும்' என்று லோட்சிஸுக்குப் பதில் எழுதியது. சில நாள்களிலேயே டெக்சாஸ் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் லோட்சிஸ் வழக்கு போட்டது. ஸ்வீடனின் 'இல்யூஷன் லேப்ஸ்', வியட்நாமின் 'வுல்வன் கேம்ஸ்' எல்லாம் அதில் பிரதிவாதிகள். ஹனோயில் உட்கார்ந்து கேம் செய்தவருக்கு டெக்சாஸில் வழக்கு!

அந்த நீதிமன்றம் இயங்கும் மார்ஷல் என்ற சிறிய ஊர், ஒரு காலத்தில் காப்புரிமை வழக்குகளின் தலைநகராகவே இருந்தது. அங்கே அடிக்கடி வழக்கைச் சந்தித்த சாம்சங், நீதிமன்றத்துக்கு எதிரே பனிச்சறுக்குத் திடலுக்கு ஸ்பான்சர் செய்தது. ஊர்க்காரர்கள்தானே ஜூரியாக வருவார்கள்!

பலர் சமரசமாகப் போனார்கள். காஸ்பர்ஸ்கி நிறுவனம் மட்டும் கடைசிவரை விடாமல் நின்றது. 2013 அக்டோபரில், விசாரணை தொடங்கும் நேரத்தில், லோட்சிஸே வழக்கை வாபஸ் வாங்கியது. காஸ்பர்ஸ்கி ஒரு சென்ட்கூடக் கொடுக்கவில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவின்படி, கணித முறை, வணிக முறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் ஆகியவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் மூலம் இந்தப் பிரிவைத் தளர்த்தப் பார்த்தார்கள். 2005-ல் நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. 2015-ல் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் மென்பொருளுக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன என்று எதிர்ப்பு கிளம்பி, அதே ஆண்டு டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டன. பிறகு 2016, 2017-ல் மாற்றி எழுதினார்கள். 'வெறும்' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு என்ன பொருள் என்பதில்தான் இன்றுவரை இழுபறி.

சுங்கத்துறை விவகாரத்திலும் பாடம் கற்றுக்கொண்டார்கள். 2018-ல் விதிகளைத் திருத்தி, காப்புரிமையை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஆனால், இந்தப் பாதுகாப்பெல்லாம் இந்திய எல்லைக்குள்தான். கள்ளக்குறிச்சி மாவட்டம் களமருதூரில் ஒருவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஓர் ஆப் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆப் ஸ்டோரில் 'எல்லா நாடுகளும்' என்று டிக் செய்தால், அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் அந்த நாட்டுச் சட்டம்தான். வியட்நாம்காரருக்கு வந்த கடிதம் இவருக்கும் வரலாம்.

கடிதம் வந்தால்..?

முதலில், பதறி பதில் மெயில் அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதும் ஒரு வரிகூடப் பின்னால் ஆதாரமாகும். அதற்காகக் குப்பையிலும் போடாதீர்கள். தெரிந்தும் மீறினார் என்று நிரூபணமானால், அமெரிக்காவில் இழப்பீட்டை மூன்று மடங்குவரை உயர்த்தலாம். கடிதத்தில் காப்புரிமை எண் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் பேட்டன்ட்ஸில் அந்த எண்ணைப் போட்டால், யார் பெயரில் இருக்கிறது, எந்த நாட்டில் செல்லும், ஆயுள் முடிந்துவிட்டதா என்று இலவசமாகவே தெரிந்துகொள்ளலாம். பொதுவாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்தான் கணக்கு. முடிந்துபோன காப்புரிமைக்கும் முந்தைய 6 ஆண்டுகளுக்கான இழப்பீட்டை அங்கே கேட்க முடியும் என்பதால், தேதியை மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.

மிரட்டல் இந்தியக் காப்புரிமையைக் காட்டி வந்திருந்தால், நம் கையிலும் ஓர் ஆயுதம் இருக்கிறது. சட்டத்தின் 106-வது பிரிவின்படி, ஆதாரமில்லாமல் மிரட்டுபவர் மீது நீங்களே வழக்கு போட்டு, தடை உத்தரவும் இழப்பீடும் கேட்கலாம். காப்புரிமையையே ரத்து செய்யக் கோரவும் வழி உண்டு. இரட்டை சிம் வழக்கை முடித்துவைத்த மேல்முறையீட்டு வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டதால், இப்போது அதற்கு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.