கணினி திடீரென்று நின்றால்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட வீடுகள் பலவற்றில் இன்று ஒரு கணினி இருக்கிறது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கோவிட் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடம் வீட்டுக்கே வந்தபோது, பழையதாவது இருக்கட்டும் என்று பிள்ளைக்காகக் கடன்பட்டு வாங்கியவர்களும் உண்டு. அந்தக் கணினி பாடத்தின் நடுவே நின்றுவிட்டால் என்ன நடக்கிறது? முதலில் பிள்ளைக்குத் திட்டு விழுகிறது. அடுத்து, புதிது வாங்கப் பணத்துக்கு எங்கே போவது என்ற கவலை வருகிறது. இவ்விரண்டுக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. காரணத்தை வரிசையாகத் தேட வேண்டும்.

கணினி பல வேளைகளில் தன்னைக் காத்துக்கொள்ளவே நிற்கிறது. சூடு அளவை மீறினால் தானே அணைந்துவிடும். உள்ளே பெரும் பிழை கண்டால், கோப்புகள் பாழாகாதிருக்க நீலத் திரையொன்றைக் காட்டி நின்றுவிடும். புதிய விண்டோசில் அது கறுப்புத் திரை. அதிலுள்ள சொற்களைக் கண்டு பயப்படாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரட்டில் கிராணி பேர் பதிவதுபோல, எந்த நாள், எத்தனை மணி, அப்போது என்ன வேலை நடந்தது என்பதையும் பதியுங்கள். நோய்க்குறி தெரிந்தால்தானே மருந்து சொல்ல முடியும்? கணினி மறுபடி எழுந்ததும், பிள்ளையின் பாடங்களை முதலில் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.

இனிக் காரணங்களைப் பார்ப்போம். முதலாவது சூடு. எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டுக் கணினி, போட்ட அரை மணி நேரத்தில் அணைந்துவிடும். கடைக்காரர் ஒருவர், புதிதுதான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். நான் போய்ப் பார்த்தபோது அதன்மேல் கம்பளித் துணி போர்த்தியிருந்தது. "மலைக்குளிர் தாங்காதே என்றுதான் போர்த்தினேன், சார்" என்றார் அந்தத் தாய். நமக்குத்தான் கம்பளி வேண்டும்; கணினிக்குக் காற்று வேண்டும். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும்போது காற்றாடி நின்றால் கொழுந்து புழுங்கிப் போவதை நீங்கள் அறிவீர்கள். கணினிக்கும் அதே கதிதான். துணியை எடுத்து, காற்றாடியில் அடைத்திருந்த தூசியைத் தூரிகையால் தட்டி, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஒரு காசு செலவில்லை. அதன்பின் அது நிற்கவில்லை.

இரண்டாவது மின்சாரம். சூடில்லாதபோதும் நின்றால், பிளக் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்க் கெட்டில், இஸ்திரிப்பெட்டி இருக்கும் நீட்டிப்பு வயரிலேயே கணினியையும் செருகாதீர்கள். இடி மிகுந்த நாடு நம் நாடு. இடி முழங்கத் தொடங்குமுன் மின்பிளக்கையும் இணைய வயரையும் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, கடைசியாகச் செய்த மாற்றம். 2024 ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால், உலகெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் கணினிகள் விழுந்தன. விமானங்கள்கூடப் பறக்கவில்லை. அந்தக் கணினிகளை எழுப்ப, சேஃப் மோட் என்னும் வழியில், அதாவது அத்தியாவசியமான நிரல்களோடு மட்டும், துவக்கி அந்தக் கோப்பை நீக்கினார்கள். நம் வீட்டிலும் அதே முறைதான். நேற்று ஏற்றிய நிரலுக்குப் பிறகு தொல்லை வந்ததென்றால், அதை நீக்கிப் பாருங்கள்.

நான்காவது நினைவகம், அதாவது ரேம் பட்டை. போட்டவுடன் 'பீப்' என்று பலமுறை ஒலித்துத் திரை வராவிட்டால் இதைச் சந்தேகிக்கலாம். மேசைக் கணினியானால் பிளக்கைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, பட்டையை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களை மென்மையான அழிப்பானால் துடைத்து, மீண்டும் அழுத்திச் செருகுங்கள்.

ஐந்தாவது வன்தட்டு. 'டிக் டிக்' என்று புதிதாக ஓசை கேட்டால் அதன் ஆயுள் முடிகிறது என்று கொள்ளலாம். தாமதமின்றி நகல் எடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். நான்கை ஒன்றாகச் செய்தால் எது மருந்தாயிற்று என்று தெரியாது. மின்சாரம் வழங்கும் உள்பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தாமல், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லையென்றால் கடைக்குப் போங்கள். அப்போது அந்த நோட்டையும் கொண்டு போங்கள். என்னென்ன பார்த்தாயிற்று என்று நீங்கள் சொன்னால், தேவையில்லாத செலவை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

பெற்றோர்களே, அடுத்த முறை கணினி நின்றால் பிள்ளையைத் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, அந்த நோட்டை அவன் கையில் கொடுத்து, "என்ன நடந்தது, எழுது" என்று சொல்லுங்கள். காரணத்தைத் தேடக் கற்ற பிள்ளைக்கு அதுவும் ஒரு பாடம்தான்.