பெற்றோர் கேண்மை

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலைமீது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஏற்காடு. அவ்வூரில் சாலைகள் கூடும் ஓரிடத்திற்கு ஒண்டிக்கடை என்பது பெயர். ஒண்டி என்பது தனிமையைக் குறிக்கும் சொல். பெயர் அதுவாயினும், வருவோரும் போவோரும் மிகுந்த இடம் அது.

உண்மையான தனிமை மலையூர்களில் உள்ளது. காப்பித் தோட்டங்களும் காடும் அவ்வூர்களை ஒன்றினின்று ஒன்று பிரித்து வைத்துள்ளன. ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்து பயிலும் மாணவியர் இருவரின் தாய்மார், ஒருவரையொருவர் பாராமலே ஆண்டுகள் சில கழிந்துவிடுதல் கூடும். பிள்ளைகள் பழகுகின்றனர், பெற்றோரும் ஏன் பழக வேண்டும் என்று சிலர் வினவுவர்.

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தை எண்ணிப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி மாதங்களில் பழங்கள் சிவக்கும். பழுத்தவற்றை உரிய நாளில் கையால் பறித்தாக வேண்டும். தாயும் தந்தையும் காலையிலேயே தோட்டத்திற்குச் சென்றுவிட்டால், கைக்குழந்தையைக் காப்பவர் யார்? அப்பொறுப்பு மூத்த மகளின்மேல் விழுகிறது. முதலில் ஒரு நாள் அவள் பள்ளிக்குச் செல்வதில்லை. பின்னர் ஒரு வாரம். விட்ட பாடம் விளங்காமையால் நாணம் பிறக்கிறது. நாணம் மிகுந்தபின், பள்ளி வெகு தொலைவில் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. கல்வியை வெறுத்து எவரும் அவளை நிறுத்தவில்லை. உதவி கேட்கத்தக்க வீடு ஒன்று இல்லாமையே அவளை நிறுத்திற்று.

பழகிய குடும்பங்கள் நான்கு இருப்பின், ஒரு வீட்டுப் பாட்டியார் எல்லா வீட்டுக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வார். தந்தையர் முறைவைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வர். தன் மகன் தன்னிடம் மறைத்த துயரை, அவன் தோழனின் தாய் வாயிலாக அறியும் தாயும் உண்டு. அதனை முன்பின் அறியாதவர் சொன்னால் சினம் எழும். நண்பர் சொன்னால் மனம் ஏற்கும்.

பள்ளிக்கும் இக்கேண்மை வேண்டும். 1956-ஆம் ஆண்டில் நம் மாநிலப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, ஊர்மக்கள் மனமுவந்து ஈந்த பொருளே அதற்கு அடிப்படையாயிற்று. 1958-இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடைபெற்றது. அதன்பின் பல ஊர்களில் மக்கள் கூடித் தம் பள்ளிக்கு வேண்டுவனவற்றை நல்கினர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், அதில் நான்கில் மூன்று பங்கினரேனும் பெற்றோராக இருத்தல் வேண்டும் என்றும், பாதிப் பேர் பெண்டிராதல் வேண்டும் என்றும் விதித்தது. சட்டம் நாற்காலி இட்டுத் தருகிறது. அறிமுகமற்றவர் அதில் அமர்ந்தால், கையொப்பமிட்டுக் கலைவதன்றி வேறென்ன செய்வர்?

ஒண்டிக்கடையில் பேருந்துக்குக் காத்திருக்கும் தாயொருத்தி, அருகில் நிற்பவரிடம், “உங்கள் மகளும் என் மகளும் ஒரே வகுப்புத்தானே, அக்கா?” என்று கேட்கலாம். பேருந்து வரச் சற்றுத் தாமதமாயினும் நன்றே.