கைப்பேசியில் அழித்தது கணக்கில் அழிந்ததா?

வீட்டில் வேண்டாத பொருள்களை நாம் உடனே வெளியே எறிந்துவிடுவதில்லை. முதலில் பரணில் ஏற்றி வைக்கிறோம். கண்ணுக்கு மறைந்தது மெல்ல மனத்தைவிட்டும் மறைகிறது. ஆண்டுகள் பல கழிந்து, வெள்ளையடிக்கும் நாளில் ஏணி வைத்து ஏறிப் பார்க்கும்போதுதான், "இது இன்னமும் இங்கேயா இருக்கிறது?" என்று வியக்கிறோம். இன்று பெரும்பாலான இல்லங்களில், வீட்டாருக்கே தெரியாத இத்தகைய பரண் ஒன்று இருந்து வருகிறது. நமது கைப்பேசியோடு இணைந்துள்ள மேகக் கணக்கே அது.

நான் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கூறுகிறேன். 2021-ஆம் ஆண்டு, பெருந்தொற்றின் நெருக்கடியில் கணவருக்கு வேலை இல்லை. மகனின் பள்ளிக் கட்டணத்திற்கு வேறு வழி காணாத மனைவி, கணவருக்குத் தெரியாமல் ஒரு கடன் செயலியின் மூலம் சிறு தொகை பெற்றார். வட்டியும் முதலுமாக அதனைத் திருப்பிச் செலுத்தினார். செலுத்திய அன்றே அந்தச் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கியும்விட்டார். பெருமூச்சு விட்டார், மறந்தும் போனார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவருடைய பழைய கைப்பேசி மகனின் கைக்கு வந்தது. கருவி கைமாறியதே தவிர, அதிலிருந்த தாயின் கணக்கு அப்படியே இருந்தது. பாடத்திற்கான செயலி ஒன்றைத் தேடிய மகன், தாய் முன்பு நிறுவி நீக்கிய செயலிகளின் பட்டியல் முழுவதையும் கண்டான். "அம்மா, நீங்கள் எப்போது கடன் வாங்கினீர்கள்?" என்று இரவு உணவின்போது அவன் கள்ளமின்றிக் கேட்டது தந்தையின் செவியிலும் விழுந்தது. அன்றிரவு அந்த வீட்டில் எவரும் உறங்கவில்லை.

"நான்தான் அன்றைக்கே அழித்துவிட்டேனே!" என்று அவர் பின்னர் திரும்பத் திரும்பக் கூறினார். அவர் கூறியது பொய்யன்று. கைப்பேசியில் அழித்தார், கணக்கில் அழிக்கவில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நலம்.

பட்டியல் ஏன் நிலைத்திருக்கிறது?

மேகம் என்பது வானில் இருப்பதன்று. பெரு நிறுவனங்கள் பல நாடுகளில் அமைத்துள்ள கணினிக் கூடங்களே அவை. நமது படங்கள், கடிதங்கள், தொடர்பு எண்கள், நாம் பெற்ற செயலிகளின் பெயர்கள் ஆகிய யாவும் நமது பெயரிலுள்ள கணக்கின்கீழ் அங்கே பதிவாகின்றன.

ஆப்பிள் நிறுவனம் தன் ஆப் ஸ்டோரை 2008 ஜூலையில் 500 செயலிகளோடு திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுள், 'ஆண்ட்ராய்டு மார்க்கெட்' என்ற பெயரில் தன் கடையைத் திறந்தது. 2012-இல் அதுவே 'கூகுள் பிளே' ஆயிற்று. ஆப்பிளின் ஐகிளவுடு 2011-இல் வந்தது. கைப்பேசி தொலைந்தாலும் உடைந்தாலும், புதிய கருவியில் நமது செயலிகளை மீண்டும் பெறவேண்டும். ஒருமுறை விலை கொடுத்ததற்கு மறுமுறை விலை கொடுக்கலாகாது. இதற்காகவே கடைக்காரர் நம் பெயரில் ஓர் ஏடு வைத்திருக்கிறார். அது வஞ்சகமன்று; வசதியே. ஆயினும் அந்த ஏட்டை யார் யார் புரட்டிப் பார்க்க இயலும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு செயலி நான்கு இடங்களில் ஊன்றி நிற்கிறது: கைப்பேசி, கணக்கின் பட்டியல், நமது பணப்பை, நாம் அளித்த அனுமதி. கைப்பேசியின் முகப்பில் ஒரு படத்தை அழுத்திப் பிடித்து நீக்கும்போது முதலாவது இடம் மட்டுமே காலியாகிறது. ஏனைய மூன்றையும் தனித்தனியே கவனித்தல் வேண்டும்.

நீக்குதலும் மறைத்தலும்

ஆண்ட்ராய்டு கைப்பேசி உடையோர் கூகுள் பிளே கடையைத் திறந்து, வலப்பக்க மேல்மூலையில் உள்ள தமது படத்தைத் தொடுக. 'மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்' என்ற பகுதிக்குச் சென்று, 'மேனேஜ்' என்பதைத் தெரிவு செய்க. 'இன்ஸ்டால்டு' என்று இருப்பதை 'நாட் இன்ஸ்டால்டு' என மாற்றினால், முன்பு நிறுவிப் பின்னர் நீக்கிய செயலிகள் எல்லாம் அணிவகுத்து நிற்பதைக் காணலாம். வேண்டாதவற்றிற்கு எதிரே குறியிட்டு, மேலே தோன்றும் குப்பைக்கூடைப் படத்தைத் தொட்டால் அவை பட்டியலைவிட்டு அகலும். விலை கொடுத்து வாங்கியிருப்பின், அந்தக் கட்டணத்தின் வரலாறு மட்டும் வேறு பக்கத்தில் நிற்கும்.

ஆப்பிள் கருவிகளில் முறை வேறு. அங்கே பழைய செயலியை அடியோடு நீக்க வழி இல்லை, மறைக்கவே இயலும். ஆப் ஸ்டோரில் தமது படத்தைத் தொட்டு, இதுவரை பெற்ற செயலிகளின் பட்டியலைத் திறந்து, வேண்டாத பெயரை இடப்புறமாகத் தள்ளினால், 'ஹைட்' என்ற சொல் தோன்றும். அதனைத் தொட்டால் பெயர் மறையும். ஆயினும் கணக்கின் உரிமையாளர் 'ஹிடன் பர்ச்சேஸஸ்' என்ற பகுதிக்குச் சென்று, எப்போது வேண்டுமாயினும் அதனைத் திரும்பக் கொணரலாம். ஆகவே இது திரையே அன்றிச் சுவரன்று.

2014 முதல் ஆப்பிளில் 'குடும்பப் பகிர்வு' என்ற ஏற்பாடு உண்டு. அறுவர் வரை ஒரு குடும்பமாக இணைந்து, ஒருவர் வாங்கியதை மற்றவரும் பயன்படுத்தலாம். அவ்வாறு பகிரும் வீட்டில், ஒருவர் பெற்ற செயலிகளின் பெயர்கள் ஏனையோருக்கும் தெரியும். ஒருவர் தம் செயலியை மறைத்தால், அது குடும்பத்தாரின் பட்டியலிலும் தோன்றாது. மறைக்கும் வசதிக்கு இங்கேதான் பொருள் இருக்கிறது. மருத்துவம் தொடர்பான செயலி ஒன்றைப் பிள்ளைகள் காண வேண்டியதில்லை என ஒரு தாய் கருதினால், அது அவருடைய உரிமையே.

பணப்பையின் ஓட்டை

வேண்டாத செயலியால் நேரும் இழப்புகளில் மிகச் சாதாரணமானது சந்தா. ஒரு வாரம் இலவசம் என்று சொல்லி, அட்டை எண்ணையோ யு.பி.ஐ. ஒப்புதலையோ பெற்றுக்கொள்ளும் செயலிகள் பல. பிள்ளை நான்கு நாள் விளையாடுவான். ஐந்தாம் நாள் செயலியை நீக்கிவிடுவான். மாதந்தோறும் பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஏனெனில், செயலியை நீக்குவதும் பட்டியலில் மறைப்பதும் சந்தாவை நிறுத்தா.

கூகுள் பிளேயில் தமது படத்தைத் தொட்டு 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற பகுதியிலும், ஆப்பிளில் 'செட்டிங்ஸ்' சென்று தமது பெயரைத் தொட்டு 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற பகுதியிலும் சந்தாவை முடித்தல் வேண்டும். இலவசக் காலம் முடிவதற்கு 24 மணி நேரத்திற்கு முன்னரே இதனைச் செய்துவிடுவது நன்று. தானாகவே பணம் பிடிக்கும் ஏற்பாடுகளில், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அத்தகைய குறுஞ்செய்தியைப் படியாமல் தள்ளிவிடுவோர் நம்மில் எத்தனை பேர்!

கொடுத்த சாவியைத் திரும்பப் பெறுங்கள்

நான்காவது இடமே எல்லாவற்றிலும் முக்கியமானது. புதிய செயலி ஒன்றில் நுழையும்போது, "கூகுள் கணக்கு வழியாக உள்நுழைக" என்ற பொத்தானை எளிதில் அழுத்திவிடுகிறோம். அக்கணமே நமது பெயரும் மின்னஞ்சல் முகவரியும், சில வேளைகளில் அதற்கு மேலும் பலவும் அந்தச் செயலிக்குத் திறந்துவிடப்படுகின்றன. வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்தபின் அவரிடமிருந்து சாவியைத் திரும்பப் பெறாதவர் உண்டா? செயலிகளின் வகையில் மட்டும் நாம் அவ்வாறுதான் நடந்துகொள்கிறோம்.

ஒருவர் கொடுக்கும் சாவி பலருடைய வீட்டைத் திறக்கக்கூடும் என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. ஃபேஸ்புக்கில் ஆளுமைத் தேர்வு நடத்திய ஒரு செயலியின் வழியே திரட்டப்பட்ட விவரங்கள், 'கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா' என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயின. இது 2018 மார்ச்சில் வெளியாயிற்று. உலகில் ஏறத்தாழ 8 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் இவ்வாறு சென்றிருக்கலாம் என ஃபேஸ்புக் நிறுவனமே அறிவித்தது. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர் 335 பேர் மட்டுமே. ஆயினும் அவர்தம் நண்பர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 5 லட்சத்து 62 ஆயிரம் இந்தியர்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனம் கூறியது. 2019 ஜூலையில் அமெரிக்க வணிக ஆணையம் ஃபேஸ்புக்கின்மீது 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

கடன் செயலிகளின் கதையும் இத்தகையதே. கடன் பெற்றவரின் கைப்பேசியிலிருந்த தொடர்பு எண்களை முதலிலேயே எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் உற்றார் உறவினரை அழைத்து இழிவுபடுத்திய கொடுமைகள் நம் நாட்டில் நடந்தன. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறைகள், கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் தொடலாகாது எனத் தடுத்தன. 2023 மே மாத இறுதி முதல் கூகுளும் தன் கடையில் இத்தகைய தடையை நடைமுறைப்படுத்தியது. ஆயினும் முன்பே எடுத்துச் சென்றவை செயலியை நீக்கியதால் திரும்பி வரமாட்டா.

எனவே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், வெளிச் செயலிகளோடு உள்ள இணைப்புகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். பயன்படுத்தாதவற்றைத் துண்டியுங்கள். ஆப்பிளில் 'சைன் இன் வித் ஆப்பிள்' என்ற இடத்திலும், ஃபேஸ்புக்கில் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' என்ற இடத்திலும் இதனைச் செய்யலாம்.

துண்டித்தல் இனிமேல் செல்வதைத் தடுக்கும். முன்பு சென்றதை அழிக்காது. அதற்கு அந்தச் செயலியிலேயே நமது கணக்கை அழிக்கக் கோருதல் வேண்டும். கணக்குத் தொடங்கும் வசதி தரும் செயலிகள், அதனை அழிக்கும் வசதியையும் உள்ளேயே தரவேண்டும் என்பதை ஆப்பிள் 2022 ஜூன் இறுதி முதல் கட்டாயமாக்கியது. கூகுளும் பின்னர் அவ்வாறே விதித்தது. ஆகவே சரியான வரிசை இதுவே: முதலில் சந்தாவை நிறுத்துக, அடுத்துச் செயலியின் உள்ளே கணக்கை அழிக்கக் கோருக, பின்னர் இணைப்பைத் துண்டிக்க, அதன்பின் கைப்பேசியிலிருந்து நீக்குக, இறுதியாகப் பட்டியலைத் துப்புரவு செய்க. நம்மில் பலர் நான்காவதை முதலில் செய்து, ஏனையவற்றை மறந்துவிடுகிறோம்.

அளித்த இசைவைத் திரும்பப் பெறுவது, அதனை அளித்தது போன்றே எளிதாக இருத்தல் வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் இந்தியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்து. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன.

அவசரம் ஆகாது

துப்புரவு செய்யும் ஆர்வத்தில் விலைமதிப்பற்றதைத் தொலைத்துவிடக்கூடாது. ஐகிளவுடு சேமிப்பில் ஒரு செயலியின் தரவை அழித்தால், அதே கணக்கோடு இணைந்த எல்லாக் கருவிகளிலிருந்தும் அது மறையும். மறைந்த பாட்டியின் குரல் ஏதேனும் ஒரு பழைய ஒலிப்பதிவுச் செயலியில் இருக்கலாம். "தரவையும் அழிக்கவா?" என்று கருவி கேட்கும்போது ஒரு கணம் நின்று, வேண்டியதைப் படியெடுத்த பின்னரே இசைவு கொடுங்கள்.

பழைய கைப்பேசியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போர் இன்னும் ஒன்றைச் செய்தல் வேண்டும். வேண்டியவற்றைச் சேமித்துக்கொண்டு, தமது கணக்கிலிருந்து வெளியேறி, கருவியை முற்றிலும் வெறுமையாக்கிக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குப் பெற்றோரின் மேற்பார்வையில் தனிக் கணக்குத் தொடங்கலாம். நம் கணக்கைக் கொடுப்பது நம் பெட்டியின் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

திரைக்குப் பின்னால்

அந்தக் குடும்பத்துக்குத் திரும்புவோம். மறுநாள் காலையில் கணவர் மனைவியிடம், "என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டாராம். "வேலை இல்லாத துயரத்தோடு இதுவும் எதற்கு என்று நினைத்தேன்" என்றார் அவர். கோபம் அங்கேயே தணிந்தது. அன்று மாலை இருவரும் மகனையும் அருகில் அமர்த்திக்கொண்டு, அந்தப் பட்டியலைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை பார்த்தார்கள். கடன் செயலியின் பெயரை அகற்றினார்கள். கணவர் மறந்துபோன ஒரு சந்தாவும் அன்று அகப்பட்டது. அதைக் கண்டு முதலில் சிரித்தவர் மனைவிதான் என்று கேள்விப்பட்டேன்.

மறைக்கத் தக்கவை சில எல்லார் வாழ்விலும் உண்டு. அவற்றை மறைக்கும் வழியை அறிந்திருப்பது குற்றமன்று. ஆனால் கடனைப் போன்ற ஒன்றை இல்லத்தாரிடமிருந்து மறைக்க நேரும்போது, எந்தப் பொத்தானும் நெடுநாள் துணை நிற்காது. ஆண்டுக்கொருமுறை வீட்டிற்கு வெள்ளையடிப்பதைப் போல, ஆண்டில் ஒரு மாலை குடும்பமாக அமர்ந்து இந்தக் கணக்குகளைத் திறந்து பாருங்கள். அரைமணி நேர வேலைதான். பரணும் துப்புரவாகும்; பேசாமல் விட்ட செய்தி ஒன்றிரண்டு பேசப்படவும் வழி பிறக்கும்.